பழுது விகிதம் அளக்கும் முறைக்குக் காப்புரிமை மறுப்பு: மேல்முறையீடு போகலாமா?

கழனிவாசல் (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். காப்புரிமை விவகாரம் தெரிந்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியில் சின்னதாக ஓர் எலக்ட்ரானிக்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். வேலை பெரும்பாலும் புதுவயல் அரிசி ஆலைகளில், சார்டெக்ஸ் மிஷின் ரிப்பேர். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: அரிசி சூட் என்ற சரிவுத் தகட்டில் வழுக்கி விழும்போது கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். கறுப்போ பழுப்போ கல்லோ தெரிந்தால், கீழே வரிசையாக இருக்கும் எஜெக்டர் வால்வுகளில் அந்த இடத்துக்குரியது மட்டும் சட்டென்று திறந்து காற்றை ஊதும். அந்த மணி மட்டும் தெறித்துப் போகும். ஒரு சூட்டுக்கு அறுபது சொச்சம் வால்வு. அதில் ஒன்று ஒட்டிக்கொண்டால் அந்தத் தடத்தில் வரும் கறுப்பரிசி முழுக்க நல்ல அரிசியோடு மூட்டைக்குள் போய்விடும். மிஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், திரையில் ஒன்றும் காட்டாது.

வால்வைத் திறக்கும் கம்பிச் சுருளான காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் அந்தக் கரண்ட் வளைந்து ஏறும். கரண்டைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால், உள்ளே பிளஞ்சர் (வால்வுக்குள் அசையும் தண்டு) நகரும் கணத்தில் அந்த ஏற்றத்தில் சின்னதாக ஒரு குழி விழுந்து மறுபடி ஏறுவது தெரியும். குழி இல்லையென்றால் கரண்ட் போயிருக்கிறது, பிளஞ்சர் அசையவில்லை. வால்வு ஒரு முறை திறந்து ஊதுவதை ஓர் அடி என்கிறேன். ஒவ்வொரு வால்வுக்கும் ஒவ்வோர் அடிக்கும் இந்தக் குழியைப் பார்த்து, எத்தனை அடிக்கு எத்தனை தவறியது என்று எண்ணுகிறேன். அதிலிருந்து பழுது விகிதம் வருகிறது. மணிக்கணக்கில் இல்லை, அடிக்கணக்கில். கெடுவதற்கு முன்பே சர்வீஸில் கழற்றிய வால்வுகளையும் கணக்கில் சேர்க்க வழி வைத்திருக்கிறேன். விகிதம் எல்லை தாண்டிவிட்டது என்று போதிய உறுதி வந்த உடனே முடிவு சொல்லிவிடும், முழுச் சோதனையும் முடியக் காத்திருக்காது.

விண்ணப்பம் போட்டு, ஆட்சேபம் வந்து, பதில் கொடுத்து, ஹியரிங்கும் முடிந்து, இப்போது மறுப்பு ஆணை வந்திருக்கிறது. காரணம் இரண்டு. காப்புரிமைச் சட்டப் பிரிவு 3(கே)-ன்படி இது கணித முறையும் அல்காரிதமும்தான் என்பது ஒன்று. துறை தெரிந்த ஒருவருக்குச் சுலபமாகத் தோன்றக்கூடியதுதான் என்பது இன்னொன்று. மேல்முறையீடு போகலாமா, விட்டுவிடலாமா?

புதுவயல் மில்காரர்:

சட்டம் எனக்குத் தெரியாது தம்பி. மில் பக்கத்துச் சேதி சொல்கிறேன். எங்களிடம் ஒரு லோடு கறுப்பு அதிகம் என்று திரும்பி வந்தது. வந்த மெக்கானிக் லைட்டை மாற்றினார், கேமரா கண்ணாடியைத் துடைத்தார், செட்டிங்கைக் கூட்டினார். செட்டிங்கைக் கூட்டியதில் நல்ல அரிசியும் சேர்ந்து வெளியே போனதுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால் வால்வு. கம்ப்ரசர் காற்றில் தண்ணீர் வந்து, தவிட்டுத் தூசியோடு சேர்ந்து பசை மாதிரி பிடித்திருந்தது. இதை முன்கூட்டிச் சொல்லும் பெட்டி ஒன்று இருந்தால் வாங்குவேன். அதற்குக் காப்புரிமை இருக்கிறதா இல்லையா என்று கேட்க மாட்டேன்.

தேவகோட்டை ரஸ்தா:

நான் சென்னையில் பேட்டன்ட் ஏஜென்டாக இருக்கிறேன், ஊர் தேவகோட்டை. இது பொதுவான கருத்து, ஆவணத்தைப் பார்க்காமல் ஆலோசனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் தேதி. பிரிவு 117ஏ-ன்படி மேல்முறையீட்டுக்கு 3 மாதம். முன்பு இது அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகும். அந்த வாரியத்தை 2021 ஏப்ரலில் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றம். நம் பக்கத்து விண்ணப்பம் என்றால் சென்னை உயர் நீதிமன்றம், அங்கே இதற்கென்றே அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு இருக்கிறது. மறுஆய்வு மனு என்று இன்னொரு வழியும் உண்டு. அது ஆணை போட்ட அலுவலகத்திடமே கேட்பது, அதற்கு ஒரு மாதம்தான். ஆணையில் கண்ணுக்குத் தெரிகிற பிழை இருந்தால் ஒழிய அதில் நேரம் போக்குவதை நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் 3(கே). அந்தப் பிரிவு விலக்குவது நான்கு: கணித முறை, வணிக முறை, கணினி நிரல் என்ற அளவிலேயே நிற்கும் நிரல், அல்காரிதம். 2002 திருத்தத்தில் இந்த வடிவத்துக்கு வந்தது. ‘என்ற அளவிலேயே’ என்ற தளர்வு கணினி நிரலுக்கு மட்டும்தான் ஒட்டியிருக்கிறது. நிரல் என்று மறுத்தால் டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2019 ஃபெரித் அல்லானி தீர்ப்பைக் காட்டி, தொழில்நுட்ப விளைவு இருக்கிறது, வெறும் நிரல் இல்லை என்று வாதாடலாம். உங்களுக்கு வந்திருப்பது கணித முறை என்ற மறுப்பு. அது கொஞ்சம் கெட்டியான சுவர்.

ஆணையின் கதை இருக்கட்டும், உங்கள் முதல் கிளைம், அதாவது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்ற வாசகம், என்ன சொல்கிறது? அதை அப்படியே போடுங்கள். விண்ணப்பம் ஏற்கெனவே வெளியாகியிருக்கும், ஆகவே ரகசியம் ஒன்றும் போகாது.

குன்றக்குடி:

அண்ணே, நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். அமெரிக்காவில் இதே மாதிரி இரண்டு வழக்கு உண்டு, இரண்டும் நேரெதிர். 1978-ல் பார்க்கர் எதிர் ஃப்ளூக். ஹைட்ரோகார்பனை வினையூக்கி வைத்து மாற்றும் ஆலையில் வெப்பம், அழுத்தம் எல்லாம் அளந்து, எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய எல்லையை அவ்வப்போது புதுப்பிக்கும் முறை. புதிதாக இருந்தது அந்தச் சூத்திரம் மட்டும்தான் என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1981-ல் டயமண்ட் எதிர் டீர். ரப்பரை அச்சில் வேகவைக்கும்போது உள்ளே வெப்பத்தைத் தொடர்ந்து அளந்து, வெப்பத்துக்கேற்ப வினையின் வேகம் மாறுவதைச் சொல்லும் அர்ரீனியஸ் சமன்பாட்டில் போட்டு, பதம் வந்ததும் அச்சைத் திறப்பது. சமன்பாடு 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. இருந்தும் ஏற்றுக்கொண்டார்கள். 5-க்கு 4 என்ற வித்தியாசத்தில்தான்.

இவருடையது டீர் பக்கம் என்பது என் கட்சி. மிஷினிலிருந்து நேரடியாக அளக்கிறாரே!

செக்காலை வீதி:

ஃப்ளூக்கும்தான் ஆலையிலிருந்து நேரடியாக அளந்தார் தம்பி. அளந்தது போதவில்லை.

வழக்கறிஞர் வேலை எனக்கு வராது. பணிக்காலம் முழுக்கப் பொருள்கள் கெடுவதை உட்கார்ந்து எண்ணியவன் என்ற முறையில், எண்ணுவதில் இருக்கும் சிக்கலைச் சொல்கிறேன். இது புரியாமல் வாதம் ஓடினால் பயன் இல்லை.

300 வால்வு, ஒவ்வொன்றும் 2,000 மணி நேரம் ஓடியது என்று வையுங்கள். மொத்தம் 6 லட்சம் வால்வு-மணி. அதில் 6 கெட்டது. ஆக ஒரு லட்சம் மணிக்கு ஒன்று. தலைகீழாக்கினால் சராசரிப் பழுது இடைவெளி ஒரு லட்சம் மணி, அதாவது 11 வருஷத்துக்கும் மேல். விற்பனைக்காரர் இதைக் காட்டி ‘வால்வு 11 வருஷம் உழைக்கும்’ என்பார். அது தப்பு. எந்த வால்வையும் 2,000 மணிக்கு மேல் யாரும் பார்க்கவே இல்லை. 3,000-ஆவது மணியில் ரப்பர் சீல் மொத்தமாகப் போகலாம், இந்தக் கணக்கு அதைச் சொல்லாது. பழுது விகிதம் காலம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்ற அனுமானம் உள்ளே ஒளிந்திருக்கிறது. 1951-ல் வைபுல் எழுதிய கட்டுரை பிரபலமானதே, தேய்மானத்தோடு விகிதம் ஏறுவதையும் புதிதிலேயே வரும் இளம்பழுதுகளில் இறங்குவதையும் ஒரே வாய்பாட்டுக்குள் கொண்டுவந்ததால்தான்.

ஒன்றுமே கெடவில்லை என்றால்? பூஜ்யம் என்று எழுதக் கூடாது. 3-ஐ மொத்த மணிகளால் வகுத்தால் 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடிய மேல் எல்லை வரும். மேலே உள்ள 6 லட்சத்துக்கு அது பத்து லட்சம் மணிக்கு 5. ஒரு பழுதும் இல்லாமலேயே அவ்வளவுதான் சொல்ல முடியும். நம்பகத்தன்மைச் சோதனை ஏன் இத்தனை செலவு பிடிக்கிறது என்பது இங்கே விளங்கும்.

கழனிவாசல் மணியை விட்டு அடியை எண்ணியது ரொம்பச் சரி. சூட்டின் நடுவில் இருக்கும் வால்வு நொடிக்குப் பத்து அடித்தால் 2,000 மணியில் 7 கோடியே 20 லட்சம் அடி. ஓரத்தில் இருப்பது நொடிக்கு இரண்டு அடித்தால் 1 கோடியே 44 லட்சம். இரண்டையும் ‘2,000 மணி ஓடியது’ என்று ஒரே வரியில் எழுதினால் கணக்கே பொய்.

பள்ளத்தூர் ஆச்சி:

கெடுவதற்கு முன்னால் கழற்றிய வால்வைக் கணக்கில் சேர்ப்பது எப்படி? அது ஓடிக்கொண்டிருந்ததா, கெட்டதா? இரண்டும் இல்லையே.

செக்காலை வீதி:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் ஆச்சி. ‘இத்தனை அடிவரை கெடவில்லை, அதற்கு மேல் தெரியாது’ என்று எழுத வேண்டும். கெட்டது என்று எழுதினால் விகிதம் கூடிப்போகும். பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டாலும் கூடிப்போகும், ஏனென்றால் நன்றாக உழைத்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, கெட்டதை மட்டும் வைத்துச் சராசரி போடுகிறோம். மண்டபத்தில் சிக்ரியின் (நம் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையம்) சோதனைத் திடலில் கடல் காற்றில் இரும்புத் தகடுகளை மாட்டி வைப்பார்கள். ஓட்டை விழும் முன்பே சில தகட்டை எடுத்து எடை பார்க்க வேண்டியிருக்கும். அங்கேயும் இதே பிரச்சினைதான். 1958-ல் கப்லானும் மையரும் இதற்கு ஒழுங்கான வழி சொன்னார்கள், மருத்துவத்தில் இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

பள்ளத்தூர் ஆச்சி:

சரிதான். எங்கள் அப்பச்சி காலத்து வட்டிக் கணக்கில் இது உண்டு. கடன் சராசரியாக எத்தனை மாதத்தில் திரும்புகிறது என்று, அடைந்துபோன கணக்குகளை மட்டும் வைத்துப் பார்த்தால் நல்ல தொழில் மாதிரித் தெரியும். இன்னும் நிலுவையில் நிற்கிற கணக்குதான் ஆளை முழுங்கும். ஐந்தொகை போடும்போது நிலுவையை விட்டுவிட்டு வந்த கணக்குப்பிள்ளைக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

கழனிவாசல்:

செக்காலை ஐயா, ஆச்சி, இரண்டு பேருக்கும் நன்றி. ஆச்சி சொன்னதை ஹியரிங்கில் சொல்லியிருக்கலாம் போலிருக்கிறது.

முதல் கிளைம் தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: “பல இயக்கிகளைக் கொண்ட ஓர் அமைப்பில் பழுது விகிதத்தைத் தீர்மானிக்கும் முறை. இதில் ஒவ்வோர் இயக்கியின் இயக்க எண்ணிக்கையும் தவறிய எண்ணிக்கையும் பெறப்படும். முழுமையடையாத பதிவுகளுக்கு ஏற்ப எடை திருத்தப்படும். நம்பிக்கை எல்லை கணக்கிடப்படும். எல்லை ஒரு குறித்த மதிப்பைக் கடந்ததும் பழுது என முடிவு வெளியிடப்படும்.”

காயில் கரண்டில் குழி பார்ப்பது அதைச் சார்ந்த கிளைம்களில் ஒன்றில், கடைசிப் பக்கம் வருகிறது. சார்டெக்ஸ் என்பது எடுத்துக்காட்டாக விளக்கவுரையில் மட்டும். மற்ற மிஷின்களுக்கும் பொருந்த வேண்டும் என்று பொதுவாக எழுதச் சொன்னார்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

இதுதான் விஷயம். அந்தக் கிளைமை இன்னொரு முறை படியுங்கள். ‘பெறப்படும்’ என்கிறது, எங்கிருந்து எப்படிப் பெறுவது என்று இல்லை. ‘வெளியிடப்படும்’ என்கிறது, வெளியிட்ட பிறகு மிஷினில் என்ன நடக்கிறது என்று இல்லை. நடுவில் இருப்பது கணக்கு. ஒரு காகிதத்தில் இரண்டு பத்தி எண்களை எழுதிக் கொடுத்தால், மிஷினையே பார்க்காத ஒருவர் மேசையில் உட்கார்ந்து இந்த முறையை முழுக்கச் செய்து முடிக்கலாம். மிஷினையும் உங்களையும் பிரித்துவிட்டு மீதியைப் பாதுகாக்கக் கேட்டால் யார்தான் கொடுப்பார்கள்? நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் மறுத்திருப்பேன்.

2016-ல் அமெரிக்காவில் எலக்ட்ரிக் பவர் குரூப் எதிர் ஆல்ஸ்டாம் என்று ஒரு வழக்கு. மின்கட்டமைப்பில் பல இடங்களிலிருந்து அளவுகளைத் திரட்டி, அலசி, திரையில் காட்டுவது. திரட்டுவது, அலசுவது, காட்டுவது மூன்றையும் எத்தனை திறமையாகச் சேர்த்தாலும் அது கருத்துத்தான் என்று முடிந்தது. அமெரிக்கத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நம் அலுவலகமும் கிட்டத்தட்ட அதே கேள்வியைத்தான் கேட்கிறது.

குன்றக்குடி:

அதற்கு ஐரோப்பாவில் பதில் இருக்கிறது சார். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் விரிவாக்கப்பட்ட மேல்முறையீட்டு அமர்வு, ஜி 1/19 என்ற முடிவு, 2021 மார்ச். கணினிச் சிமுலேஷன் பற்றியது. அதில், ஒரு பொருளின் நிலையை நேரடியாக அளக்காமல் வேறு அளவுகளிலிருந்து கணக்கிட்டு அறிந்தாலும் அது அளவீடுதான், தொழில்நுட்பம்தான், முடிவை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது முக்கியமில்லை என்கிற மாதிரி ஒரு பத்தி வருகிறது. பழுது விகிதமும் மறைமுக அளவீடுதானே? கரண்டிலிருந்து வால்வின் நிலையை அறிகிறார்.

செக்காலை வீதி:

இங்கேதான் நான் உன்னோடு ஒத்துப்போகவில்லை. கரண்டில் குழி இல்லை, ஆகவே 17-ஆம் வால்வு இந்த அடியில் அசையவில்லை. இது அளவீடு. 17-ஆம் வால்வில் நடந்த ஒன்றைச் சொல்கிறது. ஆனால் ‘பழுது விகிதம் கோடி அடிக்கு நான்கு’ என்பது எந்த வால்வில் இருக்கிறது? ஒரு வால்வைக் கழற்றி மேசையில் வைத்து அதன் பழுது விகிதத்தைக் காட்டு பார்ப்போம். அது ஒரு கூட்டத்தைப் பற்றிய எண். எதை ஒரே கூட்டம் என்று எடுக்கிறோம், எதைப் பழுது என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். வெப்பமானியில் தெரியும் எண் மாதிரி பொருளில் ஒட்டிக்கொண்டிருப்பது இல்லை. மேல்முறையீட்டில் எதிர்த்தரப்பு இதைக் கேட்டால் என்ன பதில் சொல்வாய்?

குன்றக்குடி:

ஒரே வால்வின் அடிகளையே கூட்டமாக எடுத்துக்கொண்டால்? அந்த ஒரு வால்வு கோடி அடியில் எத்தனை முறை தவறுகிறது என்பது அதன் சொந்தக் குணம்தானே.

செக்காலை வீதி:

அப்படி எடுத்தால் உன் பக்கம் பலம் கூடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஒட்டத் தொடங்கிய வால்வு முழுசாக நிற்பதற்கு முன் விட்டுவிட்டுத் தவறும். அந்தத் தவறுதலை எண்ணுவது அந்த வால்வின் உடல்நிலையை அறிவதுதான். கிளைமில் அப்படி இருக்கிறதா என்று கழனிவாசல்தான் சொல்ல வேண்டும்.

கானாடுகாத்தான்:

இத்தனை பாடு எதற்கு? கணக்கு எல்லோருக்கும் சொந்தம். இதற்கெல்லாம் காப்புரிமை கொடுத்தால் நாளைக்கு ஒரு மில் மெக்கானிக் நோட்டில் எத்தனை வால்வு மாற்றினேன் என்று எழுதுவதற்கும் யாராவது காசு கேட்பான். இலவசமாக வெளியிட்டுவிட்டு, பெட்டியை நன்றாகச் செய்து விற்பதுதான் உருப்படியான வழி.

தேவகோட்டை ரஸ்தா:

உங்கள் பயம் நியாயம்தான், 3(கே) இருப்பதே அதற்காகத்தான். மெக்கானிக் நோட்டில் கை வைக்கிற கிளைம் எந்த மேல்முறையீட்டிலும் நிற்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வேறு வழி என்று ரகசியமாக வைத்துக்கொள்ள இனி முடியாது. 18 மாதத்தில் விண்ணப்பம் வெளியாகிவிடும், இவருடையது வெளியாகி எவ்வளவோ நாளாகிறது. பெரிய மிஷின் கம்பெனிகள் படிக்க வேண்டுமானால் படித்துக்கொள்ளலாம். இப்போது கைவிட்டால் சொன்னதும் போச்சு, உரிமையும் போச்சு.

புதுவயல் மில்காரர்:

நான் ஒன்று கேட்கிறேன். பெட்டி வால்வு கெடப்போகிறது என்று கண்டுபிடித்துவிட்டது. சரி. அப்புறம் என்ன செய்யும்? லைட் எரியுமா? ராத்திரி ஷிப்டில் லைட் எரிவதை யார் பார்ப்பது? எங்கள் ஆள் மூட்டை தைத்துக்கொண்டிருப்பான்.

கழனிவாசல்:

லைட் மட்டும் இல்லை அண்ணே. இரண்டு வேலை செய்யும். முதலில் அந்த வால்வுக்குக் கொடுக்கும் பல்ஸை, அதாவது ஓர் அடிக்குக் கரண்ட் கொடுக்கும் நேரத்தை, கொஞ்சம் நீட்டிப் பார்க்கும், சில சமயம் அதிலேயே பசை விட்டுவிடும். அதிலும் தவறினால் அந்தச் சூட்டுக்கு அரிசியை அதிர்ந்து ஊட்டும் வைப்ரேட்டர் ஃபீடரைத் தானாக மெதுவாக்கும், ரொம்ப மோசமானால் நிறுத்திவிடும். மற்ற சூட்டுகள் ஓடிக்கொண்டிருக்கும். நம்ம ஊரில் ஒரு மில்லில் சோதனைக்கு மாட்டியிருப்பதும் அப்படித்தான் ஓடுகிறது.

தேவகோட்டை ரஸ்தா:

நில்லுங்கள். இதை ஏன் இதுவரை சொல்லவில்லை? ஃபீடரை நிறுத்துவது தாக்கல் செய்த விளக்கவுரையில் எங்கேயாவது இருக்கிறதா? இப்போது மிஷினில் இருப்பது பற்றிக் கேட்கவில்லை. தாக்கல் செய்த அன்று காகிதத்தில் இருந்ததா?

கழனிவாசல்:

பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

குன்றக்குடி:

டீர் வழக்கில் ரப்பர் அச்சைத் திறந்த மாதிரி! கணக்கு முடிந்ததும் மிஷின் வேறு மாதிரி நடக்கிறது. ஃப்ளூக் எண்ணைப் புதுப்பித்ததோடு நின்றார்.

கழனிவாசல்:

பார்த்துவிட்டேன். படம் 4-ல் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து ஃபீடருக்கு ஒரு அம்புக்குறி போகிறது, எண் 42. விளக்கவுரையில் அதற்கு ஒரே ஒரு வாக்கியம்: “விகிதம் எல்லையைக் கடக்கும்போது கட்டுப்பாட்டகம் 42 வழியாக அத்தடத்தின் ஊட்ட வீதத்தைக் குறைக்கலாம் அல்லது நிறுத்தலாம்.” பல்ஸை நீட்டுவது எழுத்திலும் இல்லை, படத்திலும் இல்லை, அது பிறகு சேர்த்தது. ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனி விகிதம் என்பது நான்காவது கிளைமில் இருக்கிறது.

தேவகோட்டை ரஸ்தா:

அப்படியானால் என் பதில் மாறுகிறது. மேல்முறையீடு போவதற்கு விஷயம் இருக்கிறது, ஆனால் இப்போதுள்ள முதல் கிளைமை வைத்துக்கொண்டு இல்லை.

திருத்தத்துக்குப் பிரிவு 59 பொருந்தும். தாக்கல் செய்ததில் சாராம்சமாக இல்லாத ஒன்றைப் புதிதாக நுழைக்கக் கூடாது. திருத்திய கிளைம் பழைய கிளைமின் வரம்புக்குள் முழுசாக அடங்க வேண்டும். ஆகவே விரிக்க முடியாது, குறுக்கலாம். நீங்கள் செய்ய வேண்டியதும் குறுக்குவதுதான். காயில் கரண்டில் குழியைக் கண்டறிவது சார்ந்த கிளைமிலிருந்து மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு வால்வுக்கும் தனி விகிதம் ஏற வேண்டும், செக்காலை ஐயாவின் கேள்விக்கு அதுதான் பதில். எல்லை தாண்டினால் அத்தடத்தின் ஃபீடர் குறைவது அல்லது நிற்பது ஏற வேண்டும். மூன்றும் சேர்ந்தால் கிளைம் ‘பழுது விகிதம் தீர்மானிக்கும் முறை’ என்பதிலிருந்து, வால்வு தவறுவதை உணர்ந்து தன் ஊட்டத்தைத் தானே கட்டுப்படுத்தும் தரம்பிரிப்பு மிஷினை இயக்கும் முறை ஆகிவிடும். மேசையில் பென்சிலோடு உட்கார்ந்திருப்பவர் இதைச் செய்ய முடியாது.

பல்ஸை நீட்டுவதைத் தொடாதீர்கள். அதை நுழைத்தால் நல்லதும் சேர்ந்து கெடும். வேண்டுமென்றால் அதற்குத் தனி விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாம். ஆனால் மில்லில் மாட்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறீர்கள், அது பகிரங்கப் பயன்பாடாக எண்ணப்படுமா என்று பார்க்க வேண்டும். அதை இங்கே எழுத வேண்டாம், தனியாகப் பேசுவோம்.

செக்காலை வீதி:

இரண்டாவது காரணத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். சுலபமாகத் தோன்றக்கூடியது என்பது. பிளஞ்சர் நகரும்போது கரண்டில் குழி விழுவது பழைய சங்கதி, வண்டியில் எரிபொருள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களிலேயே பார்க்கிறார்கள். உறுதி வந்த உடனே சோதனையை நிறுத்துவது புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வகுத்தது, 1945-ல் அச்சில் வந்துவிட்டது. (அவர் இந்தியாவுக்கு விரிவுரை நடத்த வந்தவர், 1950 டிசம்பரில் நம் நீலகிரி மலையில் விமானம் மோதி இறந்துபோனார். புள்ளியியல் படிக்கும் பிள்ளைகள் பலருக்கே இது தெரியாது.) முற்றுப்பெறாத பதிவைச் சேர்ப்பது 1958. தனித்தனியாக எடுத்தால் ஒன்றும் உன்னுடையது இல்லை தம்பி. எது உன்னுடையது?

கழனிவாசல்:

நியாயமான கேள்வி. இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன். சார்டெக்ஸில் வால்வு அடிப்பது கறுப்பு மணி வரும்போது மட்டும்தான். நல்ல அரிசி வந்தால் ஒரு வால்வு வெகுநேரம் சும்மா இருக்கும், மட்டமான லாட் வந்தால் இடைவிடாமல் அடிக்கும். ஆக சோதனையின் வேகத்தை அரிசிதான் தீர்மானிக்கிறது, நான் இல்லை. மற்ற இடங்களில் பழுது பார்க்க வால்வைக் கழற்றி பெஞ்சில் வைத்து ஒரே சீராக அடித்துப் பார்ப்பார்கள். நான் ஓட்டத்தை நிறுத்தாமல், வருகிற அரிசியையே சோதனையாக எடுத்துக்கொள்கிறேன். சும்மா இருந்த நேரத்தை ‘நன்றாக இருந்தது’ என்று கணக்கில் ஏற்றுவதில்லை. நீண்ட நேரம் சும்மா இருந்த வால்வின் முதல் சில அடிகளுக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறேன், ஏனென்றால் பசை பிடித்து ஒட்டுவது அப்போதுதான். ஒரு தடத்தில் ஃபீடரை மெதுவாக்கினால் அந்த வால்வின் அடியும் குறையும், கணக்கும் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். இந்தச் சுற்று முழுவதும் சேர்ந்ததுதான் என்னுடையது.

புதுவயல் மில்காரர்:

சும்மா இருந்த பிறகு முதல் அடியில் ஒட்டுவது நூற்றுக்கு நூறு உண்மை. மதியச் சாப்பாட்டுக்கு மிஷினை நிறுத்திவிட்டு ஓட்டினால் முதல் நாலைந்து மூட்டையில்தான் கறுப்பு வரும். நாங்கள் அதைத் தனியாக எடுத்து மறுபடி மேலே கொட்டுவோம்.

செக்காலை வீதி:

இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும். ஓய்வுக்குப் பிறகான முதல் அடிகளைப் பிரித்தெடுத்தது வெறும் கணக்கு இல்லை, வால்வில் நடப்பதைப் பார்த்துக் கற்றது. சுலபமாகத் தோன்றக்கூடியதா என்ற கேள்விக்கு இதுதான் நல்ல பதில். விளக்கவுரையில் இருக்கிறதா?

கழனிவாசல்:

இருக்கிறது. ஒரு முழுப் பத்தி, அட்டவணையோடு.

கானாடுகாத்தான்:

இப்படிக் குறுக்கினால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. மெக்கானிக் நோட்டு தப்பித்தது.

தேவகோட்டை ரஸ்தா:

அந்தப் பத்தியும் மேலே ஏறட்டும். கிளைம் குறுகும், காய்கறி பாக்கெட் மிஷினிலும் மருந்து டப்பா மிஷினிலும் இதைக் காட்டி யாரையும் தடுக்க முடியாது. அதை நீங்கள் மனசால் ஏற்றுக்கொண்ட பிறகு வக்கீலைப் பாருங்கள். பொதுவாகவே எழுத வேண்டும் என்று இன்னமும் நினைத்தால் செலவு வீண்.

நீதிமன்றம் நேரடியாகக் காப்புரிமை கொடுத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பல மேல்முறையீடுகளில் நடப்பது, ஆணையை ரத்துசெய்து, வேறொரு அதிகாரி மறுபடி விசாரிக்கட்டும் என்று திருப்பி அனுப்புவது. உங்களுக்கு அதுவே போதும், திருத்திய கிளைமோடு புதிதாக ஒருவர் முன் போய் நிற்கலாம். ஆணையில் அதிகாரி உங்கள் பதிலுக்கு எந்த இடத்தில் காரணம் சொல்லாமல் தாண்டியிருக்கிறார் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படியுங்கள். ஹியரிங்குக்குப் பின் கொடுத்த எழுத்துப்பூர்வ வாதத்தில் காயில் கரண்ட் பற்றிச் சொல்லியிருந்து, ஆணை அதைப் பற்றிப் பேசவே இல்லை என்றால், அதுதான் முதல் காரணமாக நிற்க வேண்டும்.

கழனிவாசல்:

எழுத்துப்பூர்வ வாதத்தில் இரண்டாம் பக்கத்தில் அது இருக்கிறது. ஆணையில் குழி பற்றி ஒரு வரிகூட இல்லை, ‘எண்ணிக்கை பெறப்படுகிறது’ என்பதோடு தாண்டிவிட்டார்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

நல்லது. ஆணை, எழுத்துப்பூர்வ வாதம், தாக்கல் செய்த விளக்கவுரை, படம் 4, நான்கையும் தனிச் செய்தியில் அனுப்புங்கள். ஆணை மின்னஞ்சலில் வந்த தேதியையும் தனியாகக் குறிப்பிடுங்கள், 3 மாதத்தை அதிலிருந்து பார்க்க வேண்டும்.

கழனிவாசல்:

இன்று இரவே அனுப்புகிறேன். ஸ்கேன் தெளிவாக இல்லாத பக்கத்தை நாளை கல்லுக்கட்டியில் கடை திறந்ததும் மறுபடி எடுத்துவிடுகிறேன்.

புதுவயல் மில்காரர்:

அதற்குள் எங்கள் மில்லுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போ தம்பி. மூன்றாவது சூட் மறுபடி தகராறு.